சிரிப்பு யாரைப் பார்த்து? பள்ளி நாடகத்தில் நிறமும் வேடத் தேர்வும்

ஆண்டு விழாவுக்கோ கலைத் திருவிழாவுக்கோ நாடகம் தயாரிக்கத் தொடங்கியதும் நாம் ஒவ்வொருவரும் இயக்குநர் ஆகிவிடுகிறோம். கதைத் தேர்வு, வசனத் திருத்தம், உடை, ஒத்திகை என்று வேலைகள் வரிசை கட்டி நிற்கும். இவற்றுள் மிக விரைவாக முடிந்துவிடும் வேலை ஒன்று உண்டு. யாருக்கு எந்த வேடம் என்று சொல்வதுதான் அது. "நீ ராணி, நீ மந்திரி, நீ திருடன்" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். அந்த ஐந்து நிமிடத்தில் வகுப்பு கற்றுக்கொள்வது ஏராளம்.

ஏதேனும் ஒரு பள்ளியின் பழைய ஆண்டு விழாப் படங்களை எடுத்துப் பாருங்கள். தமிழன்னை, பாரத மாதா, இளவரசி, தேவதை ஆகிய வேடங்களில் யார் நிற்கிறார்கள்? எமன், அரக்கன், திருடன், வேலைக்காரி, பிச்சைக்காரர் ஆகிய வேடங்களில் யார் நிற்கிறார்கள்? யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஆனால் படங்களை வரிசையாக அடுக்கினால் ஓர் ஒழுங்கு தெரியும். சிவந்த நிறமுள்ள பிள்ளை மேடையின் நடுவில் நிற்கும். கருத்த பிள்ளை ஓரத்தில் நிற்கும், அல்லது சிரிப்பு மூட்டுவதற்காக நடுவில் வந்துபோகும்.

நான் தமிழாசிரியர். பணியாற்றுவது நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளி. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது முதல் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் வந்து சேர்ந்த ஊர் இது. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஒப்பந்த வேலை செய்பவர்களின் பிள்ளைகளும், சுற்றியுள்ள முந்திரிக்காட்டுக் கிராமங்களின் பிள்ளைகளும், வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். நாடகம் என்றதும் இவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் திரைப்பட நகைச்சுவைக் காட்சியும் தொலைக்காட்சியில் பார்த்த நகைச்சுவைக் குறுநாடகமும்தான். பெண் பார்க்க வந்தவர் பெண்ணின் நிறத்தைப் பார்த்து ஓடுவது, வட்டிக்குக் கொடுக்கும் 'சேட்டு' கொச்சைத் தமிழ் பேசுவது ஆகிய இரண்டும் ஆண்டுதோறும் வரும். இந்த இரண்டையும் என்ன செய்வது என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

'கலர்' என்ற சொல்

முதலில் நம் பேச்சைக் கவனிப்போம். "பொண்ணு நல்லா கலரா இருக்கும்" என்றால் சிவப்பாக இருக்கும் என்று பொருள். "கலர் கம்மி" என்றால் கருப்பு. கருப்பு ஒரு நிறமே இல்லை என்பதுபோல நம் பேச்சு வழக்கு அமைந்துவிட்டது. 1975இல் சந்தைக்கு வந்த ஒரு முகப்பூச்சு, சிவப்பழகு என்ற வாக்குறுதியைப் பெயரிலேயே தாங்கி 45 ஆண்டுகள் விற்றது. 2020இல்தான் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாறியது.

நம் பழைய இலக்கியம் இப்படிப் பேசவில்லை. சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகைச் சொல்லும் சொற்களுள் ஒன்று 'மாமை'. மாந்தளிர் போன்ற கருமை கலந்த நிறம் அது. தலைவனைப் பிரிந்த தலைவி அந்த மாமையை இழந்து வெளிறிப்போவதைப் 'பசலை' என்றார்கள். திருக்குறளில் 119ஆம் அதிகாரமே 'பசப்புறு பருவரல்'தான். நிறம் வெளிறுவது அங்கே நோய், அழகின் இழப்பு. அகப்பாடல் நடத்தும்போது மாமைக்குப் பொருள் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். "அப்படியானால் அந்தக் காலத்தில் எந்த நிறம் அழகு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

அங்கவை, சங்கவை

2007இல் ஷங்கர் இயக்கத்தில் வெளிவந்த 'சிவாஜி' படத்தைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. அதில் நாயகனுக்குப் பெண் தேடும் பகுதியில் அங்கவை, சங்கவை என்று இரண்டு சகோதரிகள் வருவார்கள். அவர்கள் கருப்பாக இருப்பதுதான் அங்கே நகைச்சுவை. அதற்காகவே அந்த நடிகையருக்கு முகத்திலும் உடலிலும் கருமை பூசப்பட்டது. அவர்கள் வேறு எந்த வேடிக்கையும் செய்யவில்லை. வந்து நின்றதற்கே அரங்கம் சிரித்தது.

அந்தப் பெயர்கள் யாருடையவை? பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகள்களுக்கு மரபு வழங்கும் பெயர்கள் அவை. மூவேந்தரின் முற்றுகையில் தந்தையையும் குன்றையும் இழந்த அந்தப் பெண்கள் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் பாடல் இருக்கிறது. அவர்களுக்கு மணமகன் தேடிக் கபிலர் மன்னர்களிடம் போனார். மன்னர்கள் மறுத்தார்கள். அவர்கள் இறுதியாக வந்து சேர்ந்த இடமாகச் சொல்லப்படுவது திருக்கோவலூர். கபிலர் உயிர் நீத்ததாகச் சொல்லும் கபிலர் குன்று அங்கே தென்பெண்ணை ஆற்றில் இன்றும் நிற்கிறது. அந்த ஆறுதான் நம் கடலூர் மாவட்டத்துக்கு வந்து கடலில் கலக்கிறது.

புலவர்களாகவும் இருந்த இரண்டு பெண்கள், தங்கள் நிலத்தை இழந்ததால் மணமகன் கிடைக்காமல் நின்ற துயரம் அது. நிறத்தால் மணமகன் கிடைக்காத வேடிக்கையாக அது திரையில் மாறியது. படம் பார்த்த தலைமுறையில் பலருக்கு அங்கவை, சங்கவை என்றதும் பாரி நினைவுக்கு வருவதில்லை. பள்ளிகளில் கருத்த பெண் பிள்ளைகளைக் கூப்பிடும் பட்டப்பெயராகவும் அவை ஆகிப்போயின.

அதே படத்தில் நாயகனின் நிறமும் வேடிக்கைக்கு உள்ளாகிறது. அவர் சிவப்பாக மாற என்னென்னவோ செய்கிறார். 'ஒரு கூடை சன்லைட்' பாடலில் கணினி உதவியால் ரஜினிகாந்த் வெள்ளைக்காரர் நிறத்தில் தோன்றுகிறார். ஆனால் நாயகனின் கருமைக்குக் கதையில் ஒரு தீர்வு உண்டு. அவர் கருப்பாகவே நாயகியைக் கைப்பிடிப்பார். அந்தச் சகோதரிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆணுக்கு ஓர் அளவுகோல், பெண்ணுக்கு ஓர் அளவுகோல். மாணவர்களே கண்டுபிடிக்கக்கூடிய வேறுபாடு இது.

வேடம் யாருக்குக் கிடைத்தது?

ரஜினிகாந்த், விஜயகாந்த், முரளி என்று கருத்த நாயகர்களைத் தமிழ்த் திரை கொண்டாடியிருக்கிறது. கருத்த நாயகியர் என்றால் விரல் மடக்கி எண்ண வேண்டியிருக்கும். கே. பாலசந்தர் 1978இல் 'மரோ சரித்ரா' என்ற தெலுங்குப் படத்தில் அறிமுகப்படுத்திய சரிதா, 'தண்ணீர் தண்ணீர்' (1981) போன்ற படங்களில் முத்திரை பதித்தார். பாலுமகேந்திராவின் 'வீடு' படத்துக்காக அர்ச்சனா தேசிய விருது பெற்றார். சரிதா பின்னாளில் தமிழ் பேசத் தெரியாத சிவந்த நாயகியர் பலருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். குரல் வேண்டியிருந்தது, முகத்துக்கு வேறொருவர் வந்தார்.

நம் மாவட்டத்துக்காரரான தங்கர் பச்சான் 2002இல் 'அழகி' எடுத்தபோது, கிராமத்துத் தனலட்சுமியாக நந்திதா தாஸைத் தேர்ந்தெடுத்தார். 'அழகி' என்ற பெயருக்கு உரியவர் கருத்த நிறத்தவர் என்பதே அந்தப் படத்தின் துணிவுகளில் ஒன்று. சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்துக்கு 2013 முதல் குரல் கொடுத்தவரும் அவரே.

இன்னொரு சிக்கல், கருத்த பாத்திரம் எழுதப்பட்ட பிறகு அதற்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது. நெய்வேலிக்கு அருகிலுள்ள கம்மாபுரம் பகுதியில் 1993இல் நடந்த காவல் மரண வழக்கைத் தழுவி 2021இல் 'ஜெய் பீம்' வந்தது. அதில் செங்கேணியாக நடித்த லிஜோமோல் ஜோஸ் கேரளத்தைச் சேர்ந்தவர். இருளர் மக்களுடன் பழகி, அவர்கள் செய்யும் வேலைகளைக் கற்றுக்கொண்டு நடித்தார். நடிப்பு பாராட்டப்பட்டது. அதே சமயம், இயல்பு நிறத்தைவிடக் கருமையாகக் காட்டும் ஒப்பனை ஏன் தேவைப்பட்டது, அந்தச் சமூகத்தில் அல்லது அந்த நிறத்தில் ஒரு நடிகைக்கு ஏன் வாய்ப்பு இல்லை என்ற கேள்விகளும் எழுந்தன. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பில் விவாதிக்க நல்ல பொருள் இது.

நாமும் கேலிப்பொருளாக இருந்தோம்

அடுத்தவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு விஷயம் சட்டென்று புரிகிறது.

1968இல் வந்த 'படோசன்' என்ற இந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற வேடம் 'மாஸ்டர் பிள்ளை'. குடுமி, நெற்றியில் பட்டை, உடைந்த இந்தி, மிகையான கையசைப்பு என்று தமிழ்ப் பாட்டு வாத்தியார் ஒருவரை வட இந்திய அரங்குகள் பார்த்துச் சிரித்தன. அதே 1968இல் 'தி பார்ட்டி' என்ற ஹாலிவுட் படத்தில் ஆங்கில நடிகர் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்பு பூசிக்கொண்டு ஓர் இந்தியராக நடித்தார். எதைத் தொட்டாலும் குளறுபடி செய்யும் இந்தியர்!

2019இல் சிங்கப்பூரில் மின்னணுப் பணம் செலுத்தும் திட்டம் ஒன்றுக்கு வந்த விளம்பரத்தில், சீன நடிகர் ஒருவரே நான்கு வேடங்களில் தோன்றினார். அவற்றுள் ஒன்று, முகத்தைக் கருமையாக்கி, 'கே. முத்துசாமி' என்ற பெயர்ப் பட்டை அணிந்த இந்தியர் வேடம். சிங்கப்பூரில் முத்துசாமியாக நடிக்க ஒரு தமிழர் கிடைக்கவில்லையா என்று கேள்வி எழுந்தது. எதிர்ப்புக்குப் பிறகு விளம்பரம் விலக்கப்பட்டது. பொறுப்பானவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.

இந்த வழக்கத்தின் பழைய வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1830களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு 'ஜிம் குரோ' என்ற கருப்பின வேடத்தில் ஆடிப்பாடிப் புகழ் பெற்றார். அதைப் பார்த்து முகத்தில் கரி பூசும் நாடகக் குழுக்கள் பல தோன்றின. பின்னாளில் கருப்பின மக்களைப் பள்ளியிலும் பேருந்திலும் உணவகத்திலும் தனியாகப் பிரித்துவைத்த சட்டங்களுக்கு 'ஜிம் குரோ சட்டங்கள்' என்றே பெயர் வந்தது. சிரிப்பதற்கு வைத்த பெயர், மனிதரைப் பிரிக்கும் சட்டத்தின் பெயராக முடிந்தது. பட்டப்பெயர் வெறும் பெயர்தானே என்று சொல்லும்போதெல்லாம் இந்த வரலாற்றை நினைத்துக்கொள்ளலாம்.

இவற்றைச் சொல்லிவிட்டு, நம் மேடையில் வரும் 'சேட்டு'வையும் 'வடக்க'னையும் பற்றிப் பேசினால் பிள்ளைகள் தாங்களாகவே அமைதியாகிவிடுகிறார்கள். அந்த வடக்கனின் மகன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

நகைச்சுவை வேண்டாமா?

நகைச்சுவையை விலக்குவது தீர்வாகாது. நகைச்சுவை இல்லாத ஆண்டு விழாவுக்குப் பெற்றோர் வரமாட்டார்கள். பிள்ளைகளும் நாடகத்தைக் கைவிட்டுவிடுவார்கள். நம் மரபிலேயே நல்ல வழிகாட்டிகள் இருக்கிறார்கள்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜா வேடத்தையே கேலி செய்வான். அங்கே முகத்தில் பூசும் வண்ணம் பாத்திரத்தின் இயல்பைச் சொல்லும் குறி. நடிப்பவரின் தோலைப் பற்றியது இல்லை. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்ல, டி.எஸ். பாலையா நடுங்குவார். அறுபது ஆண்டு கடந்தும் சிரிக்கிறோம். யாருடைய நிறத்துக்கும் சாதிக்கும் அதில் வேலை இல்லை. 'நல்லதம்பி' (1949) படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபம், சிரிக்கவைத்துக்கொண்டே படிப்பின் தேவையைச் சொன்னது.

'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மற்ற படங்களில் தன் நிறத்தையே வைத்துச் சிரிக்கவைத்திருக்கும் வடிவேலு இதில் அரசன். நாம் சிரிப்பது அரசனின் கோழைத்தனத்தையும் தற்பெருமையையும் பார்த்து. அவர் நிறத்தில் அரசன் இருக்கலாமா என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றுவதில்லை.

கேலியைத் திருப்பிப் போடும் வழியும் உண்டு. பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளிக் கலைஞர்கள் 1998இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'குட்னெஸ் கிரேஷியஸ் மீ' என்ற நகைச்சுவைக் குறுநாடகத் தொடரைத் தொடங்கினார்கள். வார இறுதியில் இந்திய உணவகத்துக்குப் போய், பணியாளரின் பெயரைச் சிதைத்து, காரமான உணவு கேட்டு அட்டகாசம் செய்யும் ஆங்கிலேயரைப் பற்றி அவர்கள் நேரடியாகக் குறை சொல்லவில்லை. இந்திய இளைஞர்கள் ஓர் ஆங்கிலேய உணவகத்துக்குப் போய், இருப்பதிலேயே காரமில்லாத உணவைக் கேட்டு அதே அட்டகாசம் செய்வதாக நடித்தார்கள். ஆங்கிலேயரும் சேர்ந்து சிரித்தார்கள்.

இவற்றிலிருந்து வகுப்புக்கு ஓர் எளிய உரைகல் கிடைக்கிறது: ஒருவர் செய்ததைப் பார்த்துச் சிரிக்கிறோமா, அவர் இருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோமா? கோழைத்தனம், பேராசை, பொய், தற்பெருமை ஆகியவை செய்வன. நிறம், உயரம், பல், மொழி, பிறந்த ஊர் ஆகியவை இருப்பன. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும்.

மூன்று பாடவேளைகள்

எட்டாம் வகுப்பில் நான் செய்து பார்த்ததை அப்படியே தருகிறேன். தாளும் பேனாவும் போதும்.

முதல் பாடவேளை: பட்டியல். ஐந்து பேர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு குழுவும் தாங்கள் பார்த்த ஐந்து நகைச்சுவைக் காட்சிகளை எழுத வேண்டும். நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை: காட்சி எது? யாரைப் பார்த்துச் சிரித்தோம்? எதற்காகச் சிரித்தோம்? அது அவர் செய்ததா, இருப்பதா? ஒரு நிபந்தனை மிக முக்கியம். திரையில் வருபவர்களைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். வகுப்பில் இருக்கும் எவரையும் எடுத்துக்காட்டாகச் சொல்லக் கூடாது. இதைத் தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்லாவிட்டால் பாடமே புதிய கேலிக்கு வழி திறந்துவிடும். அட்டவணைகளைக் கரும்பலகையில் தொகுத்தபோது 'இருப்பது' என்ற கட்டம் நிரம்பி வழிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. "என்ன டீச்சர், பாதிக்கு மேல இதுதான் இருக்கு" என்று ஒரு மாணவனே சொன்னான்.

இரண்டாம் பாடவேளை: குரல் தேர்வு. பாரி மகளிர் கதையைச் சிறு நாடகமாக எழுதி வைத்திருந்தேன். பாரி, கபிலர், இரண்டு மகள்கள், மறுக்கும் மன்னன், கட்டியங்காரன் ஆகியவை பாத்திரங்கள். நடிக்க விரும்புவோர் வகுப்புக் கதவுக்கு வெளியே நின்று, எண் மட்டும் சொல்லி, வசனத்தை வாசிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் குரலை மட்டும் கேட்டு எண்ணுக்கு வாக்களிக்க வேண்டும். மேலை நாட்டு இசைக் குழுக்கள் பலவற்றில் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லிக் கலைஞர்களைத் தேர்வு செய்யும் முறை இருக்கிறது. அதன் வகுப்பறை வடிவம் இது.

முடிவு வந்தபோது வகுப்பு வியந்தது. பாரியாகத் தேர்வானவன் அதுவரை மேசை தூக்குவதற்கும் திரை இழுப்பதற்கும் மட்டும் மேடைக்குப் போனவன். மூத்த மகளாகத் தேர்வானவள் மாலையில் என்னிடம் தனியாக வந்து, "நிறைய பவுடர் போடணுமா டீச்சர்?" என்று கேட்டாள். வேண்டாம், இந்தக் கதையில் வரும் பெண் உன்னைப் போலத்தான் இருந்திருப்பாள் என்றேன். மாமை என்ற சொல்லை அவளுக்கு அன்றுதான் விளக்கினேன். தேர்வுக்குரிய சொற்பொருளாக இல்லாமல் தன்னைப் பற்றிய சொல்லாக அவள் அதை எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் பாடவேளை: திருப்பி எழுதுதல். பிள்ளைகள் வழக்கமாகக் கொண்டுவரும் 'பெண் பார்க்கும்' காட்சியை ஒவ்வொரு குழுவிடமும் கொடுத்தேன். விதி இரண்டு: சிரிப்புக் குறையக் கூடாது, 'இருப்பதை'ப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஒரு குழு எழுதியது இது. மாப்பிள்ளையின் அம்மா பெயிண்ட் கடை வண்ண அட்டையை எடுத்துவந்து பெண்ணின் கன்னத்தருகே வைத்துப் பார்க்கிறார். "எட்டாம் நம்பர், எங்களுக்கு மூணாம் நம்பர் வேணும்" என்கிறார். பெண் அமைதியாக அட்டையை வாங்கி மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் வைக்கிறாள். "மாமா பன்னிரண்டு. நீங்க அப்போ கடையை மாத்தி வந்துட்டீங்களா அத்தை?" என்று கேட்கிறாள். வகுப்பு சிரித்ததைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

இன்னொரு குழு 'சேட்டு' காட்சியைத் திருப்பியது. ஒரு தமிழர் வேலை தேடிப் பாட்னா ரயில் நிலையத்தில் இறங்குகிறார். தண்ணீர் கேட்கத் தெரியாமல் சைகை காட்டித் திண்டாடுகிறார். அந்தத் திண்டாட்டத்துக்கு இந்தி வசனம் எழுதிக்கொடுத்தவன் பீகாரிலிருந்து வந்த மாணவன். அதுவரை அவனிடம் யாரும் எதுவும் கற்றுக்கொண்டதில்லை.

பிற பாட ஆசிரியர்களும் இதில் கைகோக்கலாம். தோலின் நிறத்தைத் தீர்மானிக்கும் மெலனின், சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கிறது என்பதை அறிவியல் ஆசிரியர் விளக்கலாம். வெயில் மிகுந்த நம் நிலத்தில் கருமை என்பது உடல் தரும் குடை. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் நிறம் என்ற சொல் இல்லை. சேர்க்க வேண்டுமா என்பது சமூக அறிவியல் வகுப்புக்கு நல்ல விவாதத் தலைப்பு.

எழும் கேள்விகள்

"அந்தப் பையனே சிரிக்கிறான், உங்களுக்கு என்ன?" என்ற கேள்வி ஆசிரியர் அறையிலேயே வரும். 2016இல் நடிகை தனிஷ்தா சாட்டர்ஜி ஓர் இந்தித் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போனார். தன் நிறத்தை வைத்தே தொடர்ந்து கேலி செய்தபோது நிகழ்ச்சியிலிருந்து வெளியேறினார். அவரால் எழுந்து போக முடிந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளையால் வகுப்பை விட்டு எழுந்து போக முடியாது. கூட்டத்தோடு சேர்ந்து தானும் சிரிப்பதுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்லாமல் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பதை நாம் மறக்க வேண்டாம்.

"இளவரசி என்றால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா?" என்பது அடுத்த கேள்வி. லட்சணம் வேறு, சிவப்பு வேறு. கணீரென்ற குரல், நிமிர்ந்த நடை, வசனத்தை உணர்ந்து சொல்வது ஆகியவையே மேடை லட்சணம். பரிசு வாங்கித் தருபவையும் அவைதான்.

"கருத்த பிள்ளைக்குத் திருடன் வேடமே கொடுக்கக் கூடாதா?" என்றும் கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். திருடன் வேடம் நடிக்க நல்ல வேடம். ஆனால் அதே பிள்ளை அடுத்த நாடகத்தில் நீதிபதியாகவும் வர வேண்டும். ஒரு நாடகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஓர் ஆண்டின் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒத்திகைக்கு முன் பார்க்க வேண்டியவை

1. பாத்திரங்களின் பெயர்களை எழுதிய பிறகு, வசன வாசிப்பு வைத்தே வேடம் கொடுங்கள். முடிந்தால் கதவுக்கு வெளியிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

2. யாருக்கு என்ன வேடம் என்பதை ஒரு நோட்டில் ஆண்டு முழுவதும் குறித்து வாருங்கள். ஒரே பிள்ளைக்கு ஒரே வகை வேடம் மூன்றாம் முறை வந்தால் மாற்றுங்கள்.

3. வசனத்தில் நிறம், உடல், சாதித் தொழில், மொழி, ஊர் ஆகியவற்றைக் குறித்து வரும் ஒவ்வொரு கேலியையும் அடிக்கோடிடுங்கள். அதை நீக்கும்படி மட்டும் சொல்லாமல், வேறு நகைச்சுவை எழுதும்படி மாணவர்களிடமே கொடுங்கள்.

4. ஒப்பனையில் கருமை பூசவும் வேண்டாம், வெள்ளை அடிக்கவும் வேண்டாம். மேடை விளக்குக்குத் தேவையான அளவு போதும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பவுடர் பூசினால் சில முகங்கள் சாம்பல் பூத்துத் தெரியும் என்பதை ஒப்பனைக்கு வரும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5. பழங்குடியினர், மீனவர், வட மாநிலத் தொழிலாளர் போன்றோர் கதையில் வந்தால், அவர்களின் வேலையையும் பேச்சையும் தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள். அந்தச் சமூகத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் எந்த வேடம் வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். "நீதான் அதுக்குப் பொருத்தம்" என்று சுட்டிக்காட்ட வேண்டாம்.

6. வரவேற்புக்குப் பன்னீர் தெளிக்கவும் விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கவும் நிறுத்தும் பிள்ளைகளையும் இதே நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு வேடம்தான்.

திரைத்துறையின் வேடத் தேர்வு நம் கையில் இல்லை. நம் பள்ளி மேடையின் வேடத் தேர்வு முழுக்க நம் கையில் இருக்கிறது. அதற்குத் தனி நிதியோ அனுமதியோ வேண்டியதில்லை. பாரி மகளிர் நாடகத்தின் எழுத்து வடிவம் பதினைந்து நிமிட அளவில் இருக்கிறது. உங்கள் வகுப்புக்கு ஏற்பப் பிள்ளைகளே மாற்றி எழுதட்டும். கதவுக்கு வெளியிலிருந்து உங்கள் வகுப்பு யாருடைய குரலைத் தேர்ந்தெடுத்தது என்பதை இந்த இதழுக்கு எழுதுங்கள். மற்ற பள்ளிகளுக்கும் அது உதவும்.